மூன்று வருடத்துக்கு ஒரு வருடம்

எங்கள் கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன பெண் ஒருத்தி, ஒரு பங்குனி மாதக் காலையில் ஸ்கூட்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். கருவேப்பிலங்குறிச்சிப் பெண். அப்பா நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிறவர். இங்கே விருத்தாசலத்திலேயே பி.எஸ்சி. வேதியியல் படித்து முடித்த கையோடு எங்களிடம் சேர்ந்தாள். பிறகு குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. லீவில் ஊருக்கு வந்தால் எங்களை எட்டிப் பார்க்காமல் போகமாட்டாள். அதனால் அவள் வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கையில் ஃபைலோடு வந்ததுதான் புதிதாக இருந்தது.

பீங்கான் ஃபியூஸும் ஹீட்டர் தட்டும் செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. என் கணவர் சென்னையில் செராமிக் படித்துப் பட்டம் வாங்கியவர். மண், கலவை, சூளை எல்லாம் அவர் பாடு. பில், பேங்க், சம்பளம், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் பாடு. எனவே ஃபைலோடு யார் வந்தாலும் என் மேஜைக்குத்தான் வருவார்கள்.

"அம்மா, அமெரிக்கா கம்பெனி ஒண்ணு எனக்கு விசாவுக்கு எழுதிப் போடுறாங்க. அந்த விசாவுக்கு நடத்துற குலுக்கல்ல என் பேரு வந்துடுச்சு. இப்ப நான் அந்த வேலைக்குத் தகுதியான ஆளுதான்னு காட்டணும்" என்றாள்.

"தகுதி இல்லாமயா உன்னக் கூப்புடுறாங்க?"

"அவங்களுக்குத் தெரியும்மா. அவங்க கவர்மெண்ட்டுக்குல்ல தெரியணும்."

உட்கார்ந்து விளக்கிச் சொன்னாள். அந்த அமெரிக்கக் கம்பெனி, உலைகளுக்குள் வைக்கிற பீங்கான் பாகங்கள் செய்வது. குஜராத் கம்பெனிக்கு வந்துபோன அவர்களுடைய ஆள் ஒருவர் இவள் வேலையைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். அங்கே பட்டப் படிப்பு நான்கு வருடம். இவளுடையது மூன்று வருடம். குறைகிற ஒரு வருடத்துக்குப் பதிலாக, அதே துறையில் மூன்று வருடம் வேலை பார்த்திருந்தால் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். குஜராத்தில் பார்த்தது இரண்டு வருடம்தான்.

"அதனால நம்ம கம்பெனி வருஷந்தாம்மா எனக்கு வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மழை பெய்தால் பேக்கிங் அறையில் ஒழுகும் கம்பெனி, காலேஜில் ஒரு வருடத்துக்குச் சமம் என்று அமெரிக்காவில் யாரோ உட்கார்ந்து தீர்மானிக்கப்போகிறார். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த அமெரிக்கக் கம்பெனியின் வக்கீல் ஆபீஸிலேயே ஓர் அனுபவச் சான்றிதழ் தயார் செய்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் லெட்டர்ஹெட்டில் அடித்து என் கணவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவர் சூளையிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிப் படித்தார். நல்ல ஆங்கிலம். இவள் எங்கள் கம்பெனியின் தலைமை ஆய்வு விஞ்ஞானியாக இருந்தாள் என்றும், பன்னிரண்டு பேர் கொண்ட ஆய்வுக் குழுவை வழிநடத்தினாள் என்றும் அதில் எழுதியிருந்தது.

"கூட்டுற அம்மா, வாட்ச்மேன் எல்லாரையும் சேத்தாதான் நம்மகிட்ட பன்னண்டு பேரு" என்றார் அவர். "நானும் அந்தக் குழுவுல இருந்தனாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் படிச்சப்ப ஒரு மாதிரியாத்தான் சார் இருந்துது. எல்லாரும் இப்படித்தான் குடுப்பாங்களாம். கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்புங்கன்னாங்க."

"நான் போட மாட்டேன்மா."

கோபமாகச் சொல்லவில்லை. காகிதத்தை இரண்டாக மடித்து அவளிடமே நீட்டிவிட்டு மறுபடி சூளைப் பக்கம் போய்விட்டார். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "போயிட்டு வரேன்மா" என்று எழுந்தாள். வெளியே ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, அந்தப் பொண்ணு வாழ்க்கையில ஒரு வழி தொறக்குது. நாலு வரி கூட இருந்தா உங்களுக்கு என்ன வந்துது? அதுல கையெழுத்துப் போட்டா நம்ம சூளை அணைஞ்சுடுமா?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "நாளைக்கு எவனாவது வந்து பார்த்து இது பொய்யின்னு சொன்னா, என்னய ஒண்ணும் பண்ண மாட்டான். அவளத்தான் புடிப்பான். அப்புறம் அந்த ஊருப் பக்கமே அவளால தல காட்ட முடியாது."

"அப்ப என்னதான் பண்றது?"

"அவ நெசமா பண்ணத எழுதிக் குடு. அது பத்தாதா என்ன?"

"யாரு எழுதுறது?"

"நீதான். எனக்குச் சூளை தெரியும். எழுதவா தெரியும்?"

சாயங்காலம் அவளுக்கு போன் செய்து மறுநாள் வரச் சொன்னேன். என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை. குரலில் உற்சாகமும் இல்லை. ஆனால் மறுநாள் நாங்கள் கேட்டைத் திறக்கும்போதே வந்து நின்றாள்.

மூன்று பேரும் பேக்கிங் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் நேராக எழுத எனக்கு வராது. முதலில் தமிழில் எழுதிக்கொண்டு பிறகு மாற்றலாம் என்று ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அவளுக்கு என்ன பதவி? நாங்கள் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை. சூளை அடுக்குகிற ஆட்கள் அவளை 'லேப்பு பொண்ணு' என்பார்கள். லேப் என்று எங்களிடம் இருந்தது, மண் அரைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் ஒரு தராசும்தான்.

"பதவி கடைசியில போட்டுக்கலாம். என்ன பண்ணான்னு எழுது" என்றார் கணவர். "மொதல் ஆறு மாசம் சரக்கு எண்ணுனா."

"சார், அதையுமா எழுதணும்?" என்றாள் அவள்.

"எண்ணுனியா இல்லியா?"

"எண்ணுனேன்."

எழுதினேன். அந்த ஆறு மாதத்தைக் கழித்தாலும் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அது தெரிந்த பிறகுதான் அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது. எண்ணும்போது உடைசலைத் தனியாக எடுத்து, எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்து அவள் பிரித்து வைத்ததை அவர்தான் முதலில் நினைவுபடுத்தினார். அதைப் பார்த்துத்தான் தராசைக் கொடுத்து மேஜையில் உட்கார வைத்தாராம். எனக்கு அது தெரியாது. பெண்பிள்ளை நாள் முழுக்க நிற்க வேண்டாமே என்று உட்கார வைத்தார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஒரு வருடம் எங்களுக்கு மண் வருகிற இடம் மாறியது. ஃபியூஸில் திருகு போடும் துளையைச் சுற்றி மெல்லிய விரிசல் விழ ஆரம்பித்தது. வாங்குகிறவர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். அவள் விரல் நீளத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் செய்து, ஒவ்வொன்றிலும் கலவையைக் கொஞ்சம் மாற்றி, சூளையில் வெவ்வேறு மூலையில் வைத்து எடுத்துப் பார்த்தாள். ஈரத்தில் எத்தனை நீளம், சுட்ட பிறகு எத்தனை நீளம் என்று அளந்தாள். கடைசியில் கலவையையும் கொஞ்சம் மாற்றி, சூளை ஆறுகிற வேகத்தையும் குறைக்கச் சொன்னாள். விரிசல் நின்றது.

"அதோட நிறுத்தாத. அந்த ஒரு சூளை வீணாப் போனதையும் எழுது" என்றார்.

அவள் முகம் மாறிவிட்டது. விரிசல் நின்ற தைரியத்தில், பளபளப்புக்குப் பூசுகிற பூச்சையும் அவள் மாற்றிப் பார்த்தாள். சின்னக் கட்டியில் சோதிக்காமல் ஒரு சூளை முழுவதற்கும் பூசிவிட்டாள். திறந்தபோது அத்தனையும் கொப்புளம் கொப்புளமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

"வேணாம் சார். அதப் பார்த்தா எவன் வேலை குடுப்பான்?"

"அன்னைக்கு அப்புறம் நான் உனக்கு என்ன பண்ணேன்?"

அவள் யோசித்தாள். "சூளை ரூம் சாவியக் குடுத்தீங்க."

"எதுக்குக் குடுத்தேன்? அதுவரைக்கும் நான் சொன்னத நீ செஞ்ச. அதுக்கு அப்புறம் நீ சொன்னத நான் கேட்டேன். அந்த சரக்க ஒவ்வொண்ணா ஒடச்சுப் பார்த்து எதனாலன்னு நீதான கண்டுபுடிச்ச? பொறுப்பு ஏறிச்சான்னு அவன் கேக்குறான்ல, இங்கதான் ஏறிச்சு."

வக்கீல் அனுப்பிய குறிப்பில், வருடா வருடம் பொறுப்பு கூடிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது உண்மைதான். நான் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். அவள் ஒரு ஃபியூஸ் மூடியை எடுத்துக் கையில் உருட்டிவிட்டு, "எழுதுங்கம்மா" என்றாள். ஒரே ஒரு வாக்கியமாக எழுதினேன்.

பதவி என்ற இடத்தில், 'கலவை மற்றும் தரச் சோதனைப் பொறுப்பாளர்' என்று போட்டோம். அவளுக்குக் கீழே யாரும் நேரடியாக வேலை பார்க்கவில்லை என்றும், சூளை அடுக்குகிற மூன்று பேருக்கு அவள் பயிற்சி கொடுத்தாள் என்றும் எழுதினோம்.

வக்கீல் ஆபீஸுக்கு அது பிடிக்கவில்லை. பலமாக இல்லை என்றார்கள். சரக்கு எண்ணிய ஆறு மாதத்தையும் வீணான சூளையையும் எடுத்துவிடச் சொல்லி மெயில் வந்தது. நாங்கள் பதில் யோசிப்பதற்குள் அவளே எழுதிவிட்டாள். "இருக்கட்டும்னு சொல்லிட்டேன்மா. எடுத்துட்டா அது வேற யாரோட லெட்டரோ மாதிரி இருக்குது" என்று போனில் சொன்னாள்.

அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். அவளுக்கு மேலே இருந்து வேலை வாங்கியவர் அந்தத் துறையில் பட்டம் பெற்றவர்தானா என்று காட்ட வேண்டுமாம். "எனக்கு எதுக்குடி சர்ட்டிபிகேட்டு? நானா அமெரிக்கா போறேன்?" என்று கணவர் முணுமுணுத்தார். அவருடைய பட்டச் சான்றிதழ் ஆபீஸ் சுவரில் மாதக் காலண்டருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுவதும் மண் தூசி. அதைக் கழற்றித் துடைத்தபோது, தலை நிறைய முடியோடு இருபத்துச் சொச்சம் வயது முகம் ஒன்று மூலையில் செருகியிருந்த பழைய போட்டோவிலிருந்து பார்த்தது. லீவு முடிந்து கிளம்பும் முன் அதை வாங்கிப்போக வந்திருந்த அவள், போட்டோவையும் பார்த்து, அவரையும் பார்த்துச் சிரித்தாள். அவரும் கூச்சத்தோடு சிரித்தார்.

விண்ணப்பம் போயிற்று. ஆனி மாதம் அமெரிக்க அரசாங்கத்திடமிருந்து கேள்வி வந்தது. ஒரு டஜன் ஆட்களை வைத்துக்கொண்டு நடக்கிற கம்பெனிக்கு இப்படி ஓர் ஆள் எதற்கு, அவள் இந்த வேலைகளை உண்மையிலேயே செய்தாள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். அவள் மறுபடி லீவு போட்டு அந்தக் காகிதத்தோடு வந்து நின்றாள்.

"அவங்க கேக்குறதும் நியாயந்தாம்மா" என்றாள். "நான் சொல்றத அவங்க எப்படி நம்புவாங்க?"

கணவர் எழுந்து போய், சூளை அறைப் பரண்மீது இருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். உள்ளே அவள் செய்த சோதனைக் கட்டிகள். அவர் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. ஒவ்வொரு கட்டியிலும், ஈரமாக இருக்கும்போதே ஊசியால் கீறிய தேதியும் கலவை எண்ணும் இருந்தன. அதோடு சேர்த்துச் சுட்டது. அழிக்கவும் முடியாது, பிறகு எழுதிச் சேர்க்கவும் முடியாது.

தரையில் வெள்ளைத் துணியை விரித்து வருடவாரியாக அடுக்கினோம். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள். "இது தீபாவளிக்கு மொத நாளு வெச்சது. இது சாய்ஞ்சுடுச்சு. இதுதான், இதுலதான் விரிசல் நின்னுது" என்றாள். நான் போனில் படம் எடுத்துக்கொண்டே போனேன். ஊரில் செராமிக் சொல்லித்தருகிற ஆசிரியர் ஒருவர், அந்த நாட்களில் அவள் கொண்டுபோன சில கட்டிகளைத் தன் மின்சார உலையில் வைத்துச் சுட்டுக் கொடுத்தவர், நேரில் வந்து பெட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்த வேலைக்கு வேதியியல் அறிவு ஏன் தேவை என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். வக்கீல் ஆபீஸிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாக நன்றி என்று ஒரு வார்த்தை வந்தது.

ஆடி முடிவதற்குள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆவணியில் சென்னையில் நேர்காணல். அதிகாரி எல்லாம் கேட்டுவிட்டு, சில விஷயம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, காத்திருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அவள் ஊருக்குத் திரும்பி வந்து காத்திருந்தாள். குஜராத் வேலையை விட்டாயிற்று. அக்கம்பக்கத்தில் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பதற்குப் பயந்து வெளியே வருவதே இல்லை என்று அவள் அம்மா என்னிடம் சொன்னார்.

அப்படிக் காத்திருக்கும்போது கம்பெனிக்கு ஒரு போன் வந்தது. கணவர் அன்றைக்குத் திட்டக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன பெண் நல்ல தமிழில் பேசினார். 

"அவங்களோட டெசிக்னேஷன் என்னங்க?"

"வேலை பார்த்தப்ப அப்படி ஒரு பேரு வெக்கலங்க. லெட்டர் எழுதுறப்பதான் வெச்சோம். சோதனை எல்லாம் அவங்கதான் பார்த்துக்கிட்டாங்க."

"அவங்களுக்குக் கீழ எத்தனை பேர் வேலை செஞ்சாங்க?"

"யாரும் இல்லங்க. ஆனா சூளை அடுக்குற மூணு பேரும் அவங்க சொன்னபடிதான் அடுக்குவாங்க. எங்க வீட்டுக்காரரு சொன்னாக்கூட, லேப்பு பொண்ணு வரட்டும் சார்ம்பாங்க."

மறுமுனையில் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. பிறகு, "லெட்டர்ல ஒரு சூளை சரக்கு வீணானதா எழுதியிருக்கீங்க. அனுபவச் சான்றிதழ்ல யாரும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லையே. ஏன் எழுதினீங்க?" என்றார்.

 கணவர் இருந்திருந்தால் பொறுப்பு, சாவி என்று ஏதாவது விளக்கியிருப்பார்.

"நடந்துதுங்க, அதான்" என்றேன். "அதுக்கு அப்புறந்தான் அவங்க நல்லா வேலை கத்துக்கிட்டாங்க. அதுக்கு அப்புறம் ஒரு சூளைகூட அவங்க கையில கெட்டுப்போவல."

"சரிங்கம்மா" என்றார் அவர். அவர் சிரித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. போனை வைத்த பிறகு பார்த்தால், பில்லில் ஒரே வரியை இரண்டு தடவை அடித்திருந்தேன்.

பாஸ்போர்ட் விசாவோடு வந்துவிட்டது என்று அவள் சொன்ன மறுநாள், அவள் அப்பா மட்டும் தனியாக வந்தார். மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, நிறைந்த பையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நின்றார். எத்தனை சொல்லியும் உட்காரவில்லை.

"பாப்பா இங்க நாலு வருஷம் வந்து போச்சு. என்ன வேலைன்னு கேட்டா மண்ணு வேலைப்பான்னு சொல்லும். மண்ணு வேலைக்கா அமெரிக்காவுல கூப்புடுறாங்கன்னு ஊருல கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க தமிழ்ல ஏதோ எழுதி வெச்சிருக்கீங்கன்னு பாப்பா சொல்லிச்சு."

முதலில் தமிழில் எழுதிய தாள் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அடித்தலும் திருத்தலுமாக இருந்ததால், நானே படித்துக் காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். விரிசல் நின்ற இடத்தில் தலையசைத்தார். வீணான சூளை வந்தபோது குறுக்கிட்டார்.

"இது நெசமாங்க?"

"நெசந்தாங்க."

"வூட்ல ஒரு வார்த்த சொல்லல" என்றார். "ஒரு நாளு சாப்புடாம படுத்துது. தலவலின்னுச்சு. அன்னைக்காத்தான் இருக்கும்."

 பிறகு அந்தத் தாளைக் கேட்டார். நகல் எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, சூளைப் பக்கமிருந்து வந்த கணவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசியில், மழைக்கு முன்னால் அவள் கிளம்பினாள். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். அவள் அம்மா அழுதார். இவள் அழவில்லை. பெட்டியின் எடை கூடிவிட்டதா என்றே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். ரயில் நகர்ந்த பிறகு கணவர், ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த கேஸ் சிலிண்டர் விஷயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நானும் பதில் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

தை மாதம் ஒரு படம் அனுப்பினாள். குல்லாவும் பெரிய கோட்டுமாக, முழங்கால் வரை பனியில், அவளுடைய ஃபாக்டரிக்கு முன்னால் நின்றிருந்தாள். அடையாளமே தெரியவில்லை. சிரிப்பை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது. நான் பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனை அவரிடம் நீட்டினேன். அவர் படத்தை விரலால் பெரிதாக்கி, அவளைத் தாண்டி, கட்டிடத்தைத் தாண்டி, பின்னால் தெரிந்த சூளைப் புகைபோக்கிக்குப் போனார். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"புகையே இல்ல. கேஸு சூளைதான் போல" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.